ஸ்பின்ஸ்டர் முதல் கேங்ஸ்டர் வரை: ஆங்கில ‘-ஸ்டர்’ விகுதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘-ஸ்டர்’ என்பது என்ன? தனிச் சொல்லா?

தனிச் சொல் இல்லை. ஒரு சொல்லின் கடைசியில் ஒட்டி, அதைச் செய்கிற ஆளின் பெயராக மாற்றும் விகுதி. பால் விற்பவரைப் பால்காரர் என்கிறோம், பூ விற்பவளைப் பூக்காரி என்கிறோம். அந்த ‘-காரர்’, ‘-காரி’ செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் ‘-ஸ்டர்’ செய்கிறது. கேங் என்றால் கும்பல், கும்பலைச் சேர்ந்தவன் கேங்ஸ்டர். யங் என்றால் இளமையான, இளவயதுக்காரர் யங்ஸ்டர். இரண்டுமே இன்று தமிழ்ப் பேச்சிலும் சகஜமாகப் புழங்குகிற சொற்கள்.

மேலே ‘-காரி’யையும் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆயிரம் வருடங்களுக்கு முன் இந்த விகுதி ‘-காரர்’ ஆக இல்லை, ஏறக்குறைய ‘-காரி’யாகத்தான் இருந்தது.

கேங்ஸ்டரில் வருகிற விகுதி பெண்பால் விகுதியா? நம்ப முடியவில்லையே?

உண்மைதான். ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து பதினோராம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் பேசிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்கிறார்கள். அதில் இந்த விகுதியின் வடிவம் ‘-எஸ்ட்ரே’. ஆண்பாலுக்கு ‘-எரே’ இருந்தது. அதுதான் இன்றைக்கு டீச்சர், டிரைவர், பேக்கர் என்று எல்லாவற்றிலும் வரும் ‘-எர்’.

பாடுகிறவன் சாங்கெரே, பாடுகிறவள் சாங்கெஸ்ட்ரே. ரொட்டி சுடுகிறவன் பேக்கெரே, சுடுகிறவள் பேக்கெஸ்ட்ரே. நெய்கிறவள் வெபெஸ்ட்ரே. தைக்கிறவள், யாழ் மீட்டுகிறவள், மதுக்கடையில் ஊற்றிக் கொடுக்கிறவள், துள்ளி ஆடுகிறவள், சூனியக்காரி என்று ஒரு நீண்ட வரிசையே அந்தக் காலத்துச் சொற்பட்டியல்களில் கிடைக்கிறது. அந்த வரிசையைப் படிக்கும்போது ஒரு கிராமத்துப் பெண்கள் அன்றாடம் என்னென்ன வேலை செய்தார்கள் என்பது கண்முன் வந்துவிடும். என்னை இந்த விகுதியிடம் இழுத்துக்கொண்டு வந்ததும் அந்த வரிசைதான்.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. ஆங்கிலத்துக்கு நெருங்கிய சொந்தமான டச்சு மொழியிலும் ஃபிரிசிய மொழியிலும் இதே விகுதி உண்டு. ஜெர்மன் மொழி பெண்பாலுக்கு ‘-இன்’ என்ற வேறொரு விகுதியைப் பிடித்துக்கொண்டது. அதற்கு இணையானதும் பழைய ஆங்கிலத்தில் இருந்தது. பெண் நரியைக் குறிக்கும் விக்ஸன் என்ற சொல்லில் அது இன்னும் ஒளிந்திருக்கிறது.

அப்படியென்றால் அந்தக் காலத்தில் கண்டிப்பாகப் பெண்களுக்கு மட்டும்தான் வந்ததா?

பெரும்பாலும் அப்படித்தான். விதிவிலக்கு அப்போதே இருந்தது. விவிலியத்தின் ஆதியாகமத்தில், யோசேப்போடு சிறையில் இருந்த, எகிப்து மன்னன் பார்வோனின் சுயம்பாகிகளின் (ரொட்டி சுடுகிற சமையல்காரர்களின்) தலைவனை நினைத்துப் பாருங்கள். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தச் சுயம்பாகிகளுக்கு வருவது பேக்கெரே அல்ல, பேக்கெஸ்ட்ரே. எகிப்து அரண்மனைச் சமையல்காரர்கள் ஆண்கள். இருந்தும் பெண்பால் வடிவம்.

ரொட்டி சுடுவது அவ்வளவு தூரம் பெண்களின் வேலையாக இருந்ததால், தொழிலின் பெயரே பெண்பாலில் நின்றுபோய், அதைச் செய்த ஆணுக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கத் தோன்றுகிறது. பின்னால் நடக்கப் போவதற்கு இது ஒரு முன்னோட்டம்.

மாஸ்டர், மினிஸ்டர், சிஸ்டர், மான்ஸ்டர்: இவையும் இந்தக் குடும்பமா?

இல்லை. ஓசை ஒன்றாக இருப்பதால் வரும் மயக்கம் இது.

மாஸ்டர் லத்தீன் மகிஸ்டரில் இருந்து வந்தது. அதன் அடியில் இருப்பது ‘அதிகம்’ என்று பொருள்படும் மகிஸ். மினிஸ்டர் அதற்கு நேர் எதிர், ‘குறைவு’ என்ற பொருள் உள்ள மினுஸ் என்பதன் உறவு. அதாவது முதலாமவர் பெரியவர், இரண்டாமவர் ஏவலாள். அரசனின் ஏவலாளாக இருந்தவர்தான் காலப்போக்கில் அமைச்சர் ஆனார். சிஸ்டர் ஒரு பழைய உறவுமுறைச் சொல், சமஸ்கிருதத்தில் சகோதரியைக் குறிக்கும் ஸ்வஸ்ரு என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். மான்ஸ்டர் துர்நிமித்தம் என்ற பொருளுள்ள லத்தீன் மோன்ஸ்த்ரும். ஹாம்ஸ்டர் ஜெர்மன் மொழி வழியாக வந்த எலிப்பெயர். ஃபாரஸ்டரைப் பிரித்தால் ஃபாரஸ்ட், எர் என்றுதான் வரும்.

லாப்ஸ்டர் மட்டும் சுவாரசியமானது. கடல் சிங்கி இறாலுக்கும் வெட்டுக்கிளிக்கும் லத்தீனில் ஒரே பெயர், லோகுஸ்தா. அது பழைய ஆங்கிலத்துக்குள் வந்தபோது லோப்பெஸ்ட்ரே ஆகிவிட்டது. சிலந்தியைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல் ஒன்று முன்பாதியை மாற்றியது, பழக்கமான ‘-எஸ்ட்ரே’ பின்பாதியை இழுத்துக்கொண்டது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். விகுதி அந்த அளவுக்குச் செல்வாக்கோடு இருந்திருக்கிறது.

பாரிஸ்டர்?

இது குடும்பத்தைச் சேர்ந்ததுதான். லண்டனில் வழக்கறிஞர்களைப் பயிற்றுவிக்கும் இன்ஸ் ஆஃப் கோர்ட் என்ற அமைப்புகளின் கூடத்தில் ஒரு தடுப்பு இருந்தது, அதன் பெயர் பார். படிப்பை முடித்த ஒருவரை அந்தத் தடுப்பருகே அழைப்பதுதான் ‘பாருக்கு அழைத்தல்’. பாரோடு ‘-ஸ்டர்’ சேர்ந்து 16-ஆம் நூற்றாண்டில் இந்தப் பட்டம் உருவானது. 1891-இல் இன்னர் டெம்பிளில் காந்தி பெற்றதும் இதைத்தான். நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் ‘பார்-அட்-லா’ என்று எழுதிக்கொண்டதும் இதே பார்தான்.

பெண்பால் விகுதி எப்படி ஆண்களிடம் போனது?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி என்று நான் நினைப்பது இதுதான். இலக்கணத்தில் மட்டும் விடை தேடினால் பாதிதான் கிடைக்கும்.

இலக்கணத்துப் பாதி இது. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால், அலிப்பால் என்ற பிரிவு இருந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகான இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் அந்த அமைப்பே கரைந்து போனது. அதே சமயம் பிரெஞ்சிலிருந்து ‘-எஸ்’ என்ற புதிய பெண்பால் விகுதி வந்து இறங்கியது. பிரின்ஸ், பிரின்ஸஸ் என்பதில் வருவது அது. அரண்மனை மொழியின் விகுதிக்கு மதிப்பு கூடியது, உள்ளூர் விகுதியின் பெண்மை மங்கியது. வட இங்கிலாந்தில் இது சீக்கிரமே நடந்துவிட்டது. அங்கே ‘-ஸ்டர்’ ஆண் பெண் வேறுபாடில்லாமல் தொழில் செய்கிற எவரையும் குறித்தது. தெற்கில் பெண்பால் உணர்வு இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய சாசரின் கவிதையில் பழம் விற்கும் பெண்கள் ஃப்ரூட்டெஸ்டெர்ஸ், கரணமடித்து ஆடும் பெண்கள் டோம்பெஸ்டெர்ஸ்.

மற்றொரு பாதி தொழிலில் நடந்தது. பீர் காய்ச்சுவதை எடுத்துக்கொள்வோம். 1300 வாக்கில் இங்கிலாந்தில் ஏல் என்ற மதுவைக் காய்ச்சி விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்குக் காய்ச்சும்போது கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சி அக்கம்பக்கத்தில் விற்பார்கள். அந்த ஏல் சில நாளில் கெட்டுவிடும், அதனால் பெரிய வியாபாரம் சாத்தியமில்லை. அப்புறம் டச்சுக்காரர்களின் பகுதிகளிலிருந்து ஹாப் என்ற பூவைச் சேர்த்துக் காய்ச்சும் பீர் வந்தது. அது சீக்கிரம் கெடாது, வண்டியேற்றித் தூர ஊருக்கு அனுப்பலாம், படைகளுக்கு மொத்தமாக விற்கலாம். ஆனால் பெரிய அண்டா வேண்டும், கிடங்கு வேண்டும், முதல் வேண்டும், கடன் வாங்கச் சட்டத்தில் இடம் வேண்டும். திருமணமான பெண்ணுக்குத் தன் பேரில் சொத்தோ ஒப்பந்தமோ இல்லாத காலம் அது. 1600 வரும்போது காய்ச்சுவது ஆண்களின் தொழிலாகிவிட்டது. காய்ச்சுகிறவளைக் குறித்த புரூஸ்டர் என்ற சொல்லும் ஆண்களின் கைக்குப் போயிருந்தது.

நெசவிலும் அதே கதைதான். செங்குத்தாக நிற்கும் பழைய தறியில் வீட்டுப் பெண்கள் நெய்தார்கள். மிதித்து நெய்யும் கிடைமட்டத் தறி பரவியதும் தொழில் நகரத்துக்குப் போனது, ஆண்களின் கைவினைச் சங்கங்கள் அதை எடுத்துக்கொண்டன. வெப்ஸ்டர் ஆண் ஆனான்.

வேலை கைமாறியபோது வேலையின் பெயரும் கைமாறியது. அந்தப் பெயரில் ஒட்டியிருந்த பெண்ணை ஒருவரும் கவனிக்கவில்லை.

வெப்ஸ்டர் என்பது அகராதியின் பெயர் இல்லையா?

அகராதி எழுதியவரின் பெயர். நோவா வெப்ஸ்டர், 1758-இல் பிறந்த அமெரிக்கர். 1828-இல் சுமார் 70,000 சொற்களோடு பெரிய அகராதியை வெளியிட்டார். அந்தக் குடும்பப்பெயரின் சொற்பொருள் நெசவுக்காரி.

இங்கிலாந்தில் குடும்பப்பெயர்கள் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் நிலைபெற்றபோது, தொழிற்பெயர்கள் அப்படியே உறைந்துவிட்டன. ரொட்டி சுட்டவர்களின் வழியில் பேக்கரும் உண்டு, பாக்ஸ்டரும் உண்டு. மது காய்ச்சியவர்களிடம் புரூவர், புரூஸ்டர். நெய்தவர்களிடம் வெப், வெபர், வெப்ஸ்டர் என்று மூன்று. சாயம் தோய்த்தவர்களிடம் டையர், டெக்ஸ்டர், லிஸ்டர். கம்பளி மயிரைச் சீவியவர்கள் கெம்ப்ஸ்டர், பாடியவர்கள் சாங்ஸ்டர். ‘-ஸ்டர்’ முடிவுள்ள இத்தகைய பெயர்கள் இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஸ்காட்லாந்திலும் அதிகம், காரணம் மேலே சொன்னதுதான்.

ஒரு பாக்ஸ்டரின் மூதாதை ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. பெயர்கள் உறைந்த காலத்தில் வடக்கே விகுதி ஏற்கனவே பொதுவாகியிருந்தது. வேலையை ஆரம்பத்தில் யார் செய்தார்கள் என்பதற்கான அடையாளம் அது, ஒரு குறிப்பிட்ட பாட்டிக்கான சான்று அல்ல.

இன்னொரு உறைந்த பெயர் ஐரிஷ் கடலில் இருக்கும் மான் தீவில் பதவியாகவே வாழ்கிறது. அங்கே உயர்நீதிமன்ற நீதிபதிகளை டீம்ஸ்டர் (Deemster) என்கிறார்கள், தலைமை நீதிபதி முதல் டீம்ஸ்டர். டீம் என்ற பழைய வினைக்குத் தீர்ப்பிடுதல் என்று பொருள்.

ஸ்பின்ஸ்டர் எப்படி ‘கல்யாணமாகாதவள்’ ஆனாள்?

ஸ்பின் என்றால் நூற்றல். ஸ்பின்ஸ்டர் என்றால் நூல் நூற்பவள். 14-ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் கிடைக்கிறது, அப்போது அது சாதாரணத் தொழிற்பெயர்.

நெசவையும் பீரையும் போல நூற்பு ஆண்களிடம் போகவில்லை. ஒரு தறிக்குப் போதுமான நூலைக் கொடுக்கப் பல பேர் நூற்க வேண்டும், கூலியோ மிகக் குறைவு. பெரிய கருவி வேண்டாம், தக்ளியோ ராட்டையோ போதும். வீட்டிலிருந்தே செய்யலாம். வேறு வருமானம் இல்லாத, கணவன் இல்லாத பெண்கள் பிழைப்புக்குப் பிடித்துக்கொண்ட வேலை அது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூற்கும் இயந்திரங்கள் வரும் வரை இந்த நிலைதான்.

சட்ட ஆவணங்களில் ஒருவரின் பெயருக்குப் பின்னால் தொழிலோ தகுதியோ எழுதுவது வழக்கம். மணமாகாத பெண்ணின் பெயருக்குப் பின்னால் ‘ஸ்பின்ஸ்டர்’ என்று எழுதிப் பழகி, 17-ஆம் நூற்றாண்டில் அதுவே ‘மணமாகாதவள்’ என்பதற்கான சட்டச் சொல் ஆகிவிட்டது. நூற்கத் தெரியாத சீமாட்டியும் ஆவணத்தில் ஸ்பின்ஸ்டர்தான். அடுத்த நூற்றாண்டில் ‘வயது கடந்தும் கல்யாணமாகாதவள்’ என்ற ஏளனம் ஏறியது. தன் கையால் சம்பாதித்து நின்ற ஒருத்தியின் தொழிற்பெயர், அவளுக்கு ஒருவன் கிடைக்கவில்லை என்பதன் பெயராக மாறிவிட்டது. எனக்கு இந்த மாற்றம் ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

தமிழில் இதற்கு ஓர் ஆச்சரியமான ஒப்புமை உண்டு. நற்றிணையின் 353-ஆம் பாட்டில் மலைமேல் தவழும் மேகத்துக்கு நுண்ணிய நூலை உவமை சொல்கிறார் கபிலர். அந்த நூலை நூற்றவர்கள் யார் என்றும் சொல்கிறார்: ‘ஆளில் பெண்டிர்’. கணவன் இல்லாத பெண்கள் தம் உழைப்பால் நூற்றது. இங்கிலாந்துக்கும் நமக்கும் அன்று எந்தத் தொடர்பும் இல்லை. நூற்பு யாருடைய பிழைப்பாக இருந்தது என்பது மட்டும் ஒன்று.

இந்தச் சொல் இன்னும் சட்டத்தில் இருக்கிறதா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 டிசம்பரில் திருமணப் பதிவேடுகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒருபாலினத்தவருக்கான குடிமை இணைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ‘பேச்சிலர்’, ‘ஸ்பின்ஸ்டர்’ இரண்டுக்கும் பதிலாக ‘சிங்கிள்’ என்ற ஒரே சொல் வந்தது.

இந்தியாவில் கதை வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் அட்டவணையில், அறிவிப்புப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று ஒரு மாதிரி கொடுத்திருப்பார்கள். அதில் மணமகன் மனைவியை இழந்த ஒரு தச்சர், மணமகளுக்கு நேரே ‘ஸ்பின்ஸ்டர்’. பழைய தேவாலயப் பதிவேடுகளில் உங்கள் பாட்டியின் பெயருக்கு நேரே இந்தச் சொல்லைப் பார்த்தால், அது அவமதிப்பு இல்லை, அதுவரை மணமாகாதவர் என்ற குறிப்பு மட்டுமே.

‘சீம்ஸ்ட்ரெஸ்’ என்று ஏன் நீட்டுகிறார்கள்?

தையற்காரியைக் குறித்த சீம்ஸ்டர் தானே பெண்பால். அந்த உணர்வு மறைந்த பிறகு, இவள் பெண் என்று காட்ட மறுபடியும் ஒரு விகுதி தேவைப்பட்டது. பிரெஞ்சு ‘-எஸ்’ஸை மேலே ஒட்டினார்கள், சீம்ஸ்ட்ரெஸ் ஆனது. பாடகியைக் குறிக்கும் சாங்ஸ்ட்ரெஸும் அப்படித்தான். ஒரே சொல்லில் இரண்டு பெண்பால் விகுதிகள், இரண்டு வெவ்வேறு மொழிகளிலிருந்து.

யங்ஸ்டர், டிரிக்ஸ்டர், கேங்ஸ்டர்: தொழிலே இல்லாத சொற்களில் எப்படி வந்தது?

16-ஆம் நூற்றாண்டில் விகுதி தன் பழைய எல்லையைத் தாண்டுகிறது. அதுவரை பெரும்பாலும் வேலையைக் குறிக்கும் சொல்லோடுதான் சேர்ந்தது. 1580-களில் யங்ஸ்டர் என்று ஒரு பண்புச்சொல்லோடு சேர்ந்தது. சூதாடிக்கு கேம்ஸ்டர், ஏமாற்றுக்காரனுக்கு டிரிக்ஸ்டர், சிலேடையே பேச்சாகத் திரிபவனுக்குப் பன்ஸ்டர், ஒப்புக்குப் பாட்டுக் கட்டுபவனுக்கு ரைம்ஸ்டர் என்று வரிசை நீண்டது.

இவற்றில் ஒரு இளக்காரம் தெரிகிறதல்லவா? தெருத்தெருவாகக் கூவி விற்ற ஹக்ஸ்டர், மதுக்கடையில் ஊற்றிக் கொடுத்த டாப்ஸ்டர் என்று, மதிப்பில்லாத சில்லறைத் தொழில்களின் பெயர்களில்தான் அப்போது விகுதி உயிரோடு இருந்தது. அந்தச் சாயல் புதிய சொற்களிலும் படிந்தது என்பது என் கணிப்பு.

அமெரிக்காவில் இரண்டாவது வாழ்வு கிடைத்தது. 18-ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டி, குதிரை வண்டி ஓட்டுபவர் டீம்ஸ்டர் (Teamster, மான் தீவு நீதிபதியின் பெயர் வேறு). 1903-இல் அவர்கள் தொடங்கிய தொழிற்சங்கத்தில் வண்டிகள் போய் லாரிகள் வந்த பின்னும் பெயர் மாறவில்லை. 1890-களில் கேங்ஸ்டர் அச்சில் தோன்றியது, 1910-களில் மாப்ஸ்டர். மதுவிலக்குக் காலத்துச் செய்தித்தாள்கள் கேங்ஸ்டரை உலகெங்கும் கொண்டுபோயின. பொருளாதாரப் பெருவீழ்ச்சியின்போது வங்கி முதலாளிகளைத் திட்ட பேங்ஸ்டர் என்ற சொல் பரவியது. ஜாஸ் இசை உலகில் ஹெப் என்றால் விஷயம் தெரிந்தவர். பாடகர் கேப் காலோவே 1938-இல் ஹெப்ஸ்டர்களின் பேச்சுக்கு ஒரு சிறு அகராதியே போட்டார். சில வருடங்களில் ஹெப்ஸ்டர் ஹிப்ஸ்டர் ஆனது.

ரோட்ஸ்டர் ஆள் இல்லையே, வண்டி அல்லவா?

ஆமாம், பொருள்களுக்கும் விகுதி தாவியது. முதலில் ரோட்ஸ்டர் என்றால் கப்பல். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கடற்பகுதிக்கும் ரோட் என்று பெயர் உண்டு. அப்புறம் சாலைப் பயணத்துக்கு ஏற்ற குதிரை, கடைசியில் மேற்கூரை இல்லாத கார்.

நாப்ஸ்டர், ஃபிரெண்ட்ஸ்டர் போன்ற இணையப் பெயர்கள்?

1999-இல் ஷான் ஃபேனிங் பாட்டுக் கோப்புகளைப் பகிரும் மென்பொருளை உருவாக்கினார். சுருட்டை முடியால் அவருக்கு வந்த பட்டப்பெயர் நாப்ஸ்டர், அதையே வைத்தார். பதிப்புரிமை வழக்கால் 2001-இல் சேவை நின்றது, பெயர் நிற்கவில்லை. கோப்புப் பகிரும் எய்ம்ஸ்டர், கிராக்ஸ்டர் என்று அடுத்தடுத்து வந்தன. 2002-இல் ஜோனதன் ஆப்ரம்ஸ் தொடங்கிய ஃபிரெண்ட்ஸ்டர், நண்பனையும் நாப்ஸ்டரையும் சேர்த்துக் கட்டிய பெயர். ஆக, அந்த நாட்களில் ‘-ஸ்டர்’ என்றால் ‘நாப்ஸ்டர் மாதிரி ஒன்று’ என்ற புதுப்பொருளே ஒட்டிக்கொண்டிருந்தது.

பழைய பெண்பால் பொருள் இன்று எங்காவது மிச்சம் இருக்கிறதா?

ஆங்கிலத்தில் தனித்து நிற்பது ஸ்பின்ஸ்டர் ஒன்றுதான், அதுவும் புழக்கத்திலிருந்து ஒதுங்கிக்கொண்டிருக்கிறது.

டச்சு மொழியில் நிலைமை வேறு. அங்கே இன்றும் விற்கிறவன் ஃபெர்கோப்பர், விற்கிறவள் ஃபெர்கோப்ஸ்டர். எழுதுகிறவன் ஸ்க்ரைவர், எழுதுகிறவள் ஸ்க்ரைஃப்ஸ்டர். ஆயிரம் வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் இருந்த அதே ஜோடி வடிவங்கள், வடகடலுக்கு அந்தப் பக்கம் அப்படியே இருக்கின்றன. ஆனால் தனக்குப் பெண்பால் பெயர் வேண்டாம், பொதுப்பெயரே போதும் என்று சொல்லும் எழுத்தாளர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் தங்களை ஸ்க்ரைவர் என்றே எழுதிக்கொள்கிறார்கள்.